தோட்டக்கலைப் பாடத்திட்டம் போடுபவர்களுக்கு: முதல் வருடமே ஒரு துண்டு நிலம் கொடுங்கள்

மதிப்பிற்குரிய பேராசிரியர்களுக்கும், பாடத்திட்டக் குழுவில் இருக்கும் பெரியவர்களுக்கும்,

வணக்கம். நானும் தோட்டக்கலை படித்தவன்தான். கோவையில் சின்னதாக ஒரு லேண்ட்ஸ்கேப்பிங் நிறுவனம், அதாவது கட்டட வளாகங்களில் தோட்டம் அமைத்துக் கொடுக்கும் நிறுவனம் நடத்துகிறேன். அடுக்குமாடிக் குடியிருப்பு, ஐடி வளாகம், ஆஸ்பத்திரி, சில சமயம் ஆனைகட்டிப் பக்கம் ஒரு பண்ணை வீடு என்று கிடைக்கிற வேலையைச் செய்கிறோம். வருடா வருடம் உங்கள் கையில் படித்து வெளியே வரும் பிள்ளைகளைத்தான் வேலைக்கு எடுக்கிறேன், இனியும் எடுப்பேன். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன், கொஞ்சம் காரமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான்கு வருடம் தோட்டக்கலை படித்துவிட்டு லேண்ட்ஸ்கேப்பிங் வேலைக்கு வரும் பிள்ளைக்குச் செடி தெரிகிறது, தரை தெரியவில்லை. இதைத்தான் சொல்ல வந்தேன்.

நேர்காணலுக்கு வருபவர்களிடம் நான் ஒரு கணக்குக் கேட்பது வழக்கம். 5000 சதுர அடியில் புல்தரை போட வேண்டும், ஆறு அங்குலம் செம்மண் நிரப்ப வேண்டும், எத்தனை யூனிட் மண்ணுக்கு ஆர்டர் கொடுப்பாய்? முக்கால்வாசிப் பேர் விழிக்கிறார்கள். யூனிட் என்றால் 100 கன அடி என்பதே தெரியவில்லை. 2500 கன அடி, அப்போ 25 யூனிட், லாரியில் உதிரியாக வரும் மண் இரண்டு தண்ணீர் விட்டதும் அமுங்கும், அதற்காக ஐந்தாறு யூனிட் சேர்த்துச் சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்புக் கணக்கு. அதே பிள்ளையிடம் வாழையை 1.8 மீட்டருக்கு 1.8 மீட்டர் நட்டால் ஹெக்டேருக்கு எத்தனை கன்று என்று கேளுங்கள், 3086 என்று தூக்கத்தில்கூடச் சொல்லும். மூளையில் குறை இல்லை பாருங்கள், யாரும் அந்தப் பக்கம் கேள்வியே கேட்டதில்லை.

அப்புறம் சைட்டுக்கு அழைத்துப் போனால் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். கட்டடம் முடிந்து பெயின்ட் அடித்த பிறகுதான் எங்களைக் கூப்பிடுவார்கள், அது இந்தத் தொழிலின் தலையெழுத்து. பார்ப்பதற்கு நல்ல சமமான செம்மண் தரையாக இருக்கும், பொக்லைன் விட்டு நிரவி வைத்திருப்பார்கள். புதிதாக வந்த பிள்ளை அதைப் பார்த்துவிட்டு "சார், மண் நல்லா இருக்கு, கொரியன் புல்லே போட்டுடலாம்" என்று சொல்லும். அனுபவப்பட்ட தோட்டக்கார அண்ணன் ஒன்றும் பேசாமல் கடப்பாரையை எடுத்து நாலு இடத்தில் குத்துவார். மூன்று நான்கு அங்குலம் இறங்கியதும் டங்கென்று சத்தம் கேட்கும். தோண்டிப் பார்த்தால் உடைந்த டைல்ஸ், கலவை காய்ந்த கட்டி, செங்கல் துண்டு, சிமென்ட் சாக்கு, பூச்சு வேலையில் உதிர்ந்த தூள், கூடவே கொத்தனார்கள் சாப்பிட்டுப் போட்ட பார்சல் கவர் எல்லாம் இருக்கும். கட்டடக் கழிவை ஏற்றிக் கொண்டுபோய்க் கொட்டினால் லாரி வாடகை ஆகும், அங்கேயே பரப்பி மேலே ஒரு பூச்சு செம்மண் அடித்தால் செலவு மிச்சம், அவ்வளவுதான் கதை. அதில் சிமென்ட்டும் சுண்ணாம்பும் கலந்திருப்பதால் மண்ணின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.ஹெச். எட்டரையைத் தாண்டிக் காரமாக நிற்கும், தண்ணீர் கீழே இறங்காது, மூன்றாம் மாதம் புல் திட்டுத் திட்டாகப் பழுக்கும், வீட்டுக்காரர் எங்களுக்குப் போன் போட்டு உரம் சரியில்லையா என்று கேட்பார்.

பி.ஹெச். என்றால் என்ன என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆய்வகத்தில் அளந்திருக்கிறது, ரெக்கார்டு எழுதியிருக்கிறது, கையெழுத்தும் வாங்கியிருக்கிறது. ஆனால் அந்த மண் பாட்டிலில் சலித்து வைத்த மண். மண்ணை எங்கே, எத்தனை இடத்தில், எவ்வளவு ஆழத்துக்குத் தோண்டிப் பார்க்க வேண்டும் என்பதை, கை காய்க்கத் தோண்டிப் பார்க்காத வரைக்கும் யாரும் கற்றுக்கொள்ள முடியாது.

மொட்டைமாடித் தோட்டம் இன்னொரு தலைவலி, இதில் உயிர் ஆபத்தும் இருக்கிறது. ஒரு சதுர மீட்டரில் 30 சென்டிமீட்டர் உயரத்துக்கு மண் போட்டுத் தண்ணீர் விட்டால் 500 கிலோவுக்கு மேல் எடை வரும். ஆள் நடமாடும் மாடிக்கு இந்தியத் தர நிர்ணயம் கணக்கில் எடுப்பது சதுர மீட்டருக்கு 150 கிலோதான், அதற்கு மேல் தாங்க வேண்டுமென்றால் தனியாகக் கணக்குப் போட்டுக் கட்டியிருக்க வேண்டும். மாடியில் என்ன செடி வைக்கலாம் என்று பாடம் இருக்கிறது, தென்னை நார்க் கழிவு கலந்து எடையைக் குறைக்கலாம் என்பதும் இருக்கிறது, சந்தோஷம். ஆனால் பொறியாளரிடம் போய் "இந்தத் தளம் எவ்வளவு தாங்கும்" என்று முதலில் கேட்க வேண்டும் என்ற பழக்கம் பிள்ளைகளுக்கு வரவில்லை. வாட்டம் எந்தப் பக்கம், தண்ணீர் எந்தக் குழாயில் வெளியே போகிறது என்று பார்ப்பதும் இல்லை. கொத்தனார் டியூப்பில் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்ப்பதை வேடிக்கை பார்க்கிறார்கள், நான்கு வருடப் பட்டம் வாங்கிய பிள்ளைகள்.

இப்படி எழுதுவதால் பட்டம் வீண் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். வாட்ஸ்அப்பில் அப்படிப் பேசுகிற ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களோடு எனக்குச் சண்டைதான். ஒரு அடுக்குமாடியில் வேலி ஓரம் முழுக்க இட்லிப்பூச் செடி, எல்லாம் இலை வெளிறிப்போய் நிற்கிறது. பராமரிப்பு ஆட்கள் மூட்டை மூட்டையாக யூரியா போட்டிருக்கிறார்கள், மாறவில்லை. எங்களிடம் புதிதாகச் சேர்ந்திருந்த பெண் ஒரு கொழுந்தைப் பறித்துப் பார்த்தாள், நரம்பு மட்டும் பச்சை, இடையில் எல்லாம் மஞ்சள், "சார் இது இரும்புச் சத்து, மண்ணு காரமா இருக்கு, என்ன தண்ணி விடறாங்க?" என்று கேட்டாள். விட்டது சுத்திகரித்த கழிவுநீர், அதன் உப்பு வருடக் கணக்கில் மண்ணில் சேர்ந்திருக்கிறது. வரைபடம் போட்ட ஆர்கிடெக்ட்டுக்கும் தெரியவில்லை, பிளம்பருக்கும் தெரியவில்லை, இந்தப் பெண்ணுக்கு ஒரு நிமிடத்தில் தெரிந்தது. அது நீங்கள் சொல்லிக் கொடுத்தது. அதற்காகத்தான் நான் இன்னும் தோட்டக்கலை படித்த பிள்ளைகளையே தேடிப் போகிறேன்.

இந்தத் தொழிலில் பேர் வாங்கிய பழைய ஆட்களைப் பாருங்களேன். ஊட்டி தாவரவியல் பூங்காவை உருவாக்கிய மெக்ஐவர், லண்டன் கியூ தோட்டத்தில் தொழில் பழகிய தோட்டக்காரர். 1848-இல் அவர் கைக்கு வந்த இடம் தொட்டபெட்டா சரிவு, மேலே காடு, கீழே சதுப்பு. தண்ணீருக்கு வழி பண்ணாமல் அங்கே ஒரு பூச்செடி நின்றிருக்காது. பெங்களூரு லால்பாக்கை 1908-இலிருந்து கவனித்த கிரும்பீகல் ஜெர்மன்காரர், அவரும் கியூவில் வேலை பார்த்தவர்தான். வருடத்தில் எந்த மாதம் போனாலும் தெருவில் ஏதாவது ஒரு மரம் பூத்திருக்க வேண்டும் என்று கணக்குப் பண்ணி ஊர் முழுக்க மரம் நட வைத்தார். எந்த மரம் எப்போது பூக்கும் என்று தெரிந்தவன், தெருவின் அகலமும் தெரிந்தவனாக இருந்தால் என்ன செய்யலாம் என்பதற்கு இதைவிட உதாரணம் எனக்குத் தெரியாது. இரண்டு பேருமே கையில் மண் ஒட்டப் பழகியவர்கள்.

சரி, நான் கேட்பது என்ன?

முதல் செமஸ்டரிலேயே நான்கு பிள்ளைகளுக்கு இரண்டரை சென்ட் நிலம் கொடுங்கள். கிட்டத்தட்ட 100 சதுர மீட்டர். வகுப்பில் 60 பேர் என்றால் 15 குழு, மொத்தமே 37 அல்லது 38 சென்ட், அரை ஏக்கர்கூட இல்லை. பண்ணையில் ஏக்கர் கணக்கில் இடம் வைத்திருக்கும் கல்லூரிகளுக்கு இது ஒரு பெரிய விஷயமா? நல்ல இடமாகப் பார்த்துக் கொடுக்கவும் வேண்டாம். விடுதி கட்டும்போது மீந்த கழிவு கிடக்கும் மூலை, மழைத் தண்ணீர் தேங்கும் பள்ளம், கழிவுநீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒருவரும் போகாத இடம், இப்படிப் பார்த்துக் கொடுங்கள். அந்த இடம் எட்டு செமஸ்டரும் அவர்கள் பொறுப்பு. முதலில் அளக்கட்டும், தோண்டட்டும், மட்டம் எடுக்கட்டும், 1:100 அளவில் தாளில் கையால் வரையட்டும். ஆட்டோகேடும் ஸ்கெட்ச்அப்பும் அப்புறம் வரட்டும், கையால் வரையத் தெரியாதவனுக்கு அந்த மென்பொருள் அழகான பொய் சொல்லத்தான் உதவும். அதற்கு ஒரு எஸ்டிமேட் போட வேண்டும், மண், தொழு உரம், குழாய், சொட்டுவான், செடி, ஆள் கூலி எல்லாம் சேர்த்து. ஒரு தொகையை நிர்ணயித்துக் கொடுத்துவிடுங்கள், அதைத் தாண்டக் கூடாது. நட்டது செத்தால் அவர்கள் பணத்திலிருந்துதான் மறுபடி வாங்க வேண்டும், நாங்கள் அப்படித்தான் பிழைக்கிறோம். வேலை முடிந்த பிறகும் வேலை கொடுத்தவர் ஒரு பங்கு பணத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, ஒரு வருடம் பராமரித்துச் செடி உயிரோடு இருந்தால்தான் கொடுப்பார்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது மே மாதம். விடுமுறைக்கு எல்லாரும் ஊருக்குப் போய்விடுவார்கள், தோட்டம் அங்கேயே இருக்கும். யார் தண்ணீர் விடுவது, டைமர் வைப்பதா, விடுதிக் காவலர் அண்ணனிடம் சொல்லிவிட்டுப் போவதா, மண்மேல் சருகு பரப்பி மூடாக்குப் போட்டால் எத்தனை நாள் தாங்கும், ஆரம்பத்திலேயே தண்ணீர் அதிகம் கேட்காத செடியாக வைத்திருக்கலாமோ, இந்த யோசனை எல்லாம் வந்தால்தான் ஒரு பிள்ளை தோட்டம் அமைப்பவனாக மாறுகிறது. கடைசி செமஸ்டரில் தேர்வு என்றால், நேரே அந்த இடத்துக்குப் போய்ப் பார்ப்பதுதான் தேர்வு. மரம் எவ்வளவு வளர்ந்திருக்கிறது, மழை பெய்த மறுநாள் தண்ணீர் நிற்கிறதா, நடைபாதைக் கல் ஆடுகிறதா. மார்க் போட உங்களோடு ஒரு மேஸ்திரியையும் கூப்பிட்டு வையுங்கள், தயவு தாட்சண்யம் பார்க்க மாட்டார்கள்.

பாடத்திட்டத்தில் இதற்கு இடம் எங்கே என்று கேட்பீர்கள். இருக்கிறது. 2024-25 முதல் வந்திருக்கும், இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் ஆறாவது டீன்கள் குழு போட்ட பாடத்திட்டத்தில் முதல் இரண்டு வருடத்துக்குத் திறன் மேம்பாட்டுப் படிப்புகள் என்றே தனியாக ஒதுக்கியிருக்கிறார்கள். ஒரு வருடத்தில் சான்றிதழோடும் இரண்டு வருடத்தில் டிப்ளமோவோடும் வெளியேறலாம் என்கிறார்கள், அப்படி வெளியேறுபவன் கையில் ஒரு வேலை தெரிந்திருக்க வேண்டாமா? கடைசி வருடத்தில் கிராமத் தங்கல் இருக்கிறது. விவசாயிகளுக்குச் செயல்விளக்கம் செய்து காட்டிப் பத்திரிகையில் போட்டோ வருவது நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. லேண்ட்ஸ்கேப்பிங்குக்குப் போகிறேன் என்று எழுதிக் கொடுக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் அதில் ஒரு பகுதியை ஒரு மாநகராட்சிப் பூங்காவிலோ, ஒரு கட்டுமான சைட்டிலோ கழிக்க அனுமதி கொடுங்கள். எல்லாரும் இந்தப் பக்கம் வரப் போவதில்லை என்று எனக்கும் தெரியும். பாதிப் பேர் டிஎன்பிஎஸ்சி, வங்கி வேளாண் அலுவலர் தேர்வு என்று போவார்கள், வீட்டிலும் அதைத்தான் விரும்புவார்கள். அவர்களுக்கும் இரண்டரை சென்ட் தோட்டம் கெடுதல் செய்யாது. நாளைக்குத் தோட்டக்கலை அலுவலராக ஒரு அரசுப் பூங்காவுக்குப் பொறுப்பாகப் போய் நிற்கப் போவது அவர்கள்தானே.

ஆல் இந்தியா டூர் பற்றி ஒரு வார்த்தை. பிள்ளைகள் சந்தோஷமாகப் போய் வரட்டும், அதில் நான் மண்ணைப் போடவில்லை. போகிற வழியில் இரண்டு நாள் ஆந்திராவில் ராஜமுந்திரிக்குப் பக்கத்தில் கடியத்தில் இறக்கிவிடுங்கள். தமிழ்நாட்டில் நாங்கள் நடும் பெரிய மரங்கள், பனை வகைகள், வேலிச் செடிகள் நிறைய அங்கிருந்துதான் லாரி ஏறி வருகின்றன. ஒரு செடியைப் பையிலிருந்து உருவி வேரைப் பார்க்கச் சொல்லுங்கள். நாள்பட்டுப் பையிலேயே கிடந்ததென்றால் வேர் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருக்கும், அதை வெட்டிப் பிரித்து விடாமல் அப்படியே நட்டால் நாலைந்து வருடம் நன்றாக வளர்வது போல ஏமாற்றிவிட்டு ஒரு காற்றில் சாய்ந்துவிடும். விலை பேசுவது, தரம் பிரிப்பது, லாரியில் எப்படி அடுக்குவது, வெயிலில் வரும்போது இலை கருகாமல் எப்படி மூடுவது, இதெல்லாம் அந்த இரண்டு நாளில் பாதி தெரிந்துவிடும்.

செடியைத் தேர்ந்தெடுக்கும் துணிச்சலும் அந்த இரண்டரை சென்ட்டிலிருந்துதான் வரும். கோனோகார்ப்பஸ் என்ற வெளிநாட்டு மரம் எப்படிச் சாலை நடுவிலும் பள்ளி வளாகத்திலும் கல்யாண மண்டபத்து ஓரத்திலும் நிரம்பியது? சீக்கிரம் பச்சையாக வேண்டும், தண்ணீர் இல்லாமலும் பச்சையாக இருக்க வேண்டும், திறப்பு விழாவுக்கு முன்னால் உயரமாகத் தெரிய வேண்டும் என்று கேட்டவர்களுக்கு யாரும் மாற்று சொல்லவில்லை. வேர் குழாய்க்குள் புகுகிறது, மகரந்தம் ஒத்துக்கொள்ளவில்லை என்று குஜராத் 2023-இல் தடை போட்டது, பின்னாலேயே தமிழ்நாடும் தடை போட்டது. இப்போது அதைப் பிடுங்குவதற்கும் எங்களையே கூப்பிடுகிறார்கள், கூலி வருகிறது, சந்தோஷம் இல்லை. "இது வேண்டாம் சார், இந்த இடத்துக்குப் புங்கை வையுங்கள், அந்த ஓரத்துக்கு மகிழம் வையுங்கள், இரண்டு வருடம் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு கட்டுமானக்காரர் முகத்தைப் பார்த்துச் சொல்ல 22 வயதுப் பிள்ளைக்குத் தைரியம் வேண்டும். அந்த மரத்தை நட்டு, அது இரண்டு வருடத்தில் எவ்வளவு வரும் என்று தன் கண்ணால் பார்த்திருந்தால்தான் அந்தத் தைரியம் வரும்.

இன்னொன்றையும் முதல் வருடத்திலேயே பிள்ளைகளிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். இந்தப் படிப்பை முடித்தால் லேண்ட்ஸ்கேப் ஆர்கிடெக்ட் ஆகிவிடலாம் என்று நம்பி வருகிறவர்கள் நிறைய. 1972-ஆம் ஆண்டின் ஆர்கிடெக்ட் சட்டப்படி வெறும் ஆர்கிடெக்ட் என்று பெயர் போட்டுக்கொள்ளக் கட்டடக்கலை மன்றத்தில் பதிவு வேண்டும், அதற்குக் கட்டடக்கலைப் பட்டம் வேண்டும்; லேண்ட்ஸ்கேப் ஆர்கிடெக்ட் என்ற பெயருக்கு அந்தச் சட்டமே விலக்குக் கொடுத்திருக்கிறது. ஆனால் மேற்படிப்புக்கு எம்.ஆர்க் லேண்ட்ஸ்கேப் சேரலாம் என்று போனால் அங்கே பெரும்பாலும் பி.ஆர்க் கேட்பார்கள். தோட்டம் வடிவமைப்பதையும் அமைப்பதையும் யாரும் தடுக்கவில்லை, 2020-இல் உச்ச நீதிமன்றமே அந்தச் சட்டம் காப்பது பெயரைத்தான், தொழிலைச் செய்வதை இல்லை என்று சொல்லிவிட்டது. ஆகவே பிழைப்புக்கு வழி இருக்கிறது, விசிட்டிங் கார்டில் வெறும் ஆர்கிடெக்ட் என்று அச்சடித்துவிடாமல் இருப்பதில்தான் கவனம் வேண்டும். நாலாம் வருடம் வேறு யாரோ சொல்லித் தெரிந்து மனம் உடைவதைவிட, முதல் வாரமே நீங்கள் சொல்வது நல்லது.

பெண் பிள்ளைகள் விஷயம். தோட்டக்கலை வகுப்புகளில் பெண்கள் நிறைய, பல இடத்தில் அவர்களே அதிகம். ஆனால் சைட் வேலைக்கு வருவது அதில் சொற்பம். வீட்டில் விடுவதில்லை என்று சொல்லி முடித்துக்கொள்கிறோம், அது பாதிதான். கட்டுமான இடத்தில் பெண்களுக்குக் கழிப்பறை இருக்காது, மாலை ஆறு மணிக்கு மேல் திரும்பப் பஸ் இருக்காது, மேஸ்திரி "பாப்பா நீ நிழல்ல உக்காரு" என்று சொல்லி வேலையைத் தானே பார்த்துக்கொள்வார். இதில் முதல் இரண்டும் எங்களைப் போன்ற ஒப்பந்தக்காரர்கள் செய்ய வேண்டியது, செய்கிறோமா என்றால் எல்லாரும் செய்வதில்லை. உங்களால் முடிந்தது ஒன்று உண்டு. மாணவர்களை எங்களிடம் அனுப்பும் முன் கழிப்பறை உண்டா, போக்குவரத்து உண்டா என்று எழுத்தில் கேளுங்கள், இல்லை என்றால் அனுப்பாதீர்கள். ஆட்கள் தேவைப்படுகிறவன் ஏற்பாடு செய்தே தீருவான். அந்த இட்லிப்பூப் பெண் இப்போது எங்கள் சைட்டுகளில் பாதியைப் பார்த்துக்கொள்கிறாள், ஒடிசா ஆட்களிடம் வேலை வாங்கத் தேவையான இந்தியும் ஒடியாவும் கலந்த ஒரு பாஷையைத் தானே கற்றுக்கொண்டாள். மேஸ்திரிகள் இப்போது அவளைப் பாப்பா என்று கூப்பிடுவதில்லை.

எங்கள் பக்கத்திலிருந்து என்ன தருவோம் என்றும் கேட்பீர்கள், நியாயம். செமஸ்டருக்கு ஒரு குழுவை என் சைட்டில் வைத்துக்கொள்ளத் தயார். தினப்படியும் காப்பீடும் நான் தருகிறேன், வெறும் சான்றிதழைக் காட்டி இலவசமாக வேலை வாங்க மாட்டேன். வேறு ஒப்பந்தக்காரர்கள் சிலரிடமும் பேசியிருக்கிறேன், கல்லூரியிலிருந்து முறையாகக் கடிதம் வந்தால் ஒத்துக்கொள்வதாகச் சொல்கிறார்கள். பதிலுக்கு நான் கேட்பது ஒன்றுதான், அனுப்பும் பிள்ளைகளோடு ஒரு ஆசிரியரும் மாதம் ஒரு முறை சைட்டுக்கு வர வேண்டும். ரெக்கார்டு நோட்டில் கையெழுத்துப் போட என்று வர வேண்டாம். கடப்பாரை நாங்கள் தருகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் பழைய மாணவன் ஒருவன், கோயம்புத்தூர்